வியாழக்கிழமை பாட்டில்

“என் டீ எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“முன்னாடி குடிச்சதை விடவா?”

ஷூஜி டம்ளரைக் கீழே வைத்தான். “கசுமி, அந்தப் பேச்சு வேணாமே.”

“சரி, வேணாம். இனிமே எப்பவுமே வேணாம். அவங்க பேரும் இந்த வீட்டுக்குள்ள வேணாம், படமும் வேணாம். ஆனா நீங்க எனக்கு ஒரு சத்தியம் பண்ணணும். இனிமே வேற எந்தப் பொம்பளை கையால போட்ட டீயையும் குடிக்கக் கூடாது.”

“வேலைக்குப் போற இடத்துல குடுப்பாங்களே?”

“தண்ணி குடிங்க.”

ஷூஜி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். “சரி. சத்தியம்.”

கல்யாணமான முதல் கோடையில் நடந்த அந்தப் பேச்சைத்தான் கசுமி இப்போது நினைத்துக்கொண்டிருந்தாள். ஷிமடா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த குடை ரிப்பேர் கடையில், உயரம் குறைந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணியில் சுற்றிய ஒரு பாட்டில். சத்தியம் உடைந்துபோனதற்கு அதுதான் சாட்சி.

கடைக்காரர் இசோகாய் ஒரு குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெயர் எழுதாத குடையையும் ஒற்றைக் கையுறையையும் பார்த்தே உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்பதால், ஊரில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் ஓட்டைக் குடை ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். கசுமி குடைகூட எடுத்து வரவில்லை.

“இசோகாய்-சான், என் வீட்டுக்காரர் வேற ஒருத்தியோட டீயைக் குடிக்கிறாரு,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பக்கத்து வாசலில் இருந்து தமாகி வந்து நின்றாள். அடுத்த கடையில் சோற்று உருண்டை விற்பவள் அவள். இந்தக் கடையில் யார் குரல் தாழ்ந்தாலும் அவள் காதுக்குக் கேட்டுவிடும். கையில் ஒரு கிண்ணம்.

“உங்க கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன். உள்ள வெள்ளரி ஊறுகா வெச்சிருக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். “யாரு அவ?”

“தமாகி, அவங்க இன்னும் விஷயத்தையே சொல்லல.”

“டீன்னா பொம்பளைதான். எழுதிக் குடுக்கட்டுமா?”

கசுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. துணியை அவிழ்த்துப் பாட்டிலை மேசையில் வைத்தாள்.

“தினம் நைட்டு நான்தான் இதுல இலை போட்டு, பச்சைத்தண்ணி ஊத்தி, ஃபிரிட்ஜில வைப்பேன். காலைல டீ தயாரா இருக்கும். வாயில வடிகட்டி இருக்கறதால இலை அடியிலயே தங்கிடும். அவர் அப்படியே எடுத்துட்டுப் போவாரு. சாயந்திரம் காலி பாட்டில் வரும், நான் கழுவுவேன். எங்க வீட்ல மக்கினொஹரா மேட்டு இலைதான். ரொம்ப நேரம் ஆவில வெந்த இலை, பொடிப்பொடியா இருக்கும். கழுவும்போது பச்சைச் சேறு மாதிரி வரும்.” பாட்டிலின் அடியைக் காட்டினாள். “இதைப் பாருங்க.”

அடியில் ஈரமாகக் கிடந்தவை நீளநீளமான இலைகள். முறுக்கு பாதிதான் பிரிந்திருந்தது. நடுநடுவே வெளிர்பச்சைக் காம்புகள்.

“மலை இலை,” என்றார் இசோகாய்.

“ஆமா. வியாழக்கிழமை மட்டும் இப்படி வருது. ஒரு மாசமா கவனிக்கறேன். வியாழக்கிழமைதான் அவரு ஆத்துக்கு மேல கவனே பக்கம் போவாரு. டீ ஆலைகள்ல ஆவி மெஷின் பராமரிப்பு.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா என்ன சொல்லுவாரு? ஏதாவது சொல்லுவாரு, நானும் நம்பிடுவேன். எனக்கு அது வேணாம். எனக்கு நிஜம் வேணும்.” பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்தினாள். “பெட்டி கட்டி வெச்சிருக்கேன். அப்படி ஒருத்தி இருந்தான்னா நான் ஹமமாட்சுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அடுத்த வியாழக்கிழமை அந்த பாட்டில்ல டீ போட என் கை எழும்பாது.”

தமாகி அதற்குள் துணியை எடுத்து முகர்ந்துவிட்டாள். “லாவண்டர்!” என்று கூவினாள். “சென்ட்டு! நான் சொன்னேனா இல்லையா?”

“அதுவும் வியாழக்கிழமை மட்டும்தான் அக்கா. எங்க வீட்ல சென்ட்டே கிடையாது.”

“இங்க பாருங்க, மடிப்புல. முகப்பவுடர்!”

இசோகாய் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி ஒட்டியிருந்தது. விரல் நுனியால் தொட்டார். அது நொறுங்கிக் காணாமல் போனது. விரலில் ஒன்றும் மிச்சமில்லை.

“உங்க வீட்டுக்காரர் வந்ததும் என்ன பண்ணுவார்?”

“ஷூவைக் கழட்டினதும் தண்ணிதான். வியாழக்கிழமைன்னா ரெண்டு டம்ளரை மடக் மடக்குனு குடிப்பாரு. கள்ளத்தனம் பண்ணா நாக்கு வறளத்தானே செய்யும்?” கசுமி மூச்சு விடாமல் தொடர்ந்தாள். “வியாழக்கிழமை வந்தாலே எங்க வீட்ல எல்லாத்துக்கும் கொண்டாட்டம். வண்டி நிறுத்துற இடத்துல ஒரு தொட்டி இருக்கு, நீலப் பூக்கொடி. அவரு பொறுப்புன்னு விட்டுட்டேன், அவரு மறந்துடுவாரு. இந்த வெயிலுக்கு வாரம் பூரா தலை தொங்கிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை காலைல மட்டும் என்னைப் பாத்து நிமிர்ந்து நிக்குது. அந்தப் பூவுக்குக்கூட அவளைப் பிடிச்சிருக்கு போல.”

பூவின் மேல்கூடப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் இசோகாய் அந்தப் பூவைப் பற்றி இன்னொரு முறை கேட்டார். பிறகு மெதுவாக, “அவருக்கு இதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்தார்.

“முதல் சம்சாரம் இருந்தாங்க. இறந்துட்டாங்க.” கசுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “செத்தவங்க டீ போட மாட்டாங்க, இசோகாய்-சான்.”

“சரி,” என்று அவர் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

தண்ணீர் கொதித்ததும் பாட்டிலில் கிடந்த இலைகளை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தட்டி, மேலே வெந்நீர் ஊற்றினார். முறுக்கிக் கிடந்த இலைகள் சோம்பல் முறிப்பதுபோல விரிந்தன. சற்றுப் பொறுத்து ஒரு சின்னக் கோப்பையில் வடித்துத் தமாகியிடம் நீட்டினார்.

தமாகி ஒரு வாய் குடித்ததும் முகம் கோணிப்போனது. “ஐயோ, என்ன கசப்பு! ஏற்கெனவே ஊறின இலைதானே, இதுல இவ்ளோ கசப்பு எங்க ஒளிஞ்சிருந்தது?”

“அதையேதான் நானும் தெரிஞ்சுக்கணும்,” என்றார் இசோகாய். “கசுமி-சான், புதன்கிழமை சாயந்திரம் வாங்க. உங்க வீட்டுக்காரரோட ஒரு குடையைக் குடுத்துட்டுப் போங்க. வேலை முடிஞ்சதும் அவரே வந்து வாங்கிக்கட்டும்.”

அந்த வாரம் கசுமிக்கு நகரவே இல்லை. ஷூஜி சாப்பிடும்போது அவன் வாயைப் பார்த்தாள். அவன் தூங்கும்போது அவன் சட்டையை முகர்ந்தாள். இயந்திர எண்ணெய் வாசனைதான் வந்தது, அதிலும் சந்தேகம் வந்தது. அவன் “இன்னிக்கு டீ இனிப்பா இருந்தது” என்று சொன்னபோது, யாருடையதோடு ஒப்பிட்டுச் சொல்கிறான் என்று நெஞ்சு எரிந்தது. இல்லாத ஒருத்திக்கு முகம் வரைந்து, கூந்தல் வரைந்து, மெல்லிய விரல்கள் வரைந்து, அந்த விரல்கள் தன் பாட்டிலின் மூடியைத் திருகுவதாக நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

தமாகி சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை கடையை மூடிவிட்டு ஆற்றோரச் சாலையில் மேலே போய்வந்தாள். புதன்கிழமை மாலை கசுமி கடைக்குள் நுழையும்போது, மேசைமேல் ஒரு டீப் பொட்டலம் இருந்தது. தமாகியின் முகத்தில் வெற்றிக்களை.

“ரெண்டு பேரு மேல எனக்குச் சந்தேகம்,” என்றாள். “முதல் ஆளு வகானா. ஆத்தோரத்துல டீ விக்கிறா. கன்னத்துல குழி விழும். வாங்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘வெயில்ல வந்தீங்களே’ன்னு உருகுறா. என்கிட்டயே உருகினா, ஆம்பளைங்க என்ன ஆவாங்க? அவ கடைலதான் இதை வாங்கினேன், மலை இலை. ரெண்டாவது ஆளு எமி. ஆலை ஆபீஸ்ல வேலை. புருஷனை விட்டுட்டு வந்தவ. தனியா ஒரு சின்ன ஃப்ளாட்ல இருக்கா.”

கசுமியின் மனதில் இருந்த முகத்தில் உடனே கன்னக்குழி ஒன்று விழுந்தது.

இசோகாய் பொட்டலத்தைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டினார். பக்கத்தில் இன்னொரு தட்டு. அதில் போன வாரத்து இலைகள் உலர்ந்து கிடந்தன.

“ரெண்டுத்துக்கும் என்ன வித்தியாசம்?”

“ரெண்டும் மலை இலைதானே?” என்றாள் தமாகி.

கசுமி குனிந்து பார்த்தாள். தேயிலை ஊரில் குடியேறி வாழ்பவளுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. “கடை இலை ஒரே அளவா இருக்கு. சலிச்சு, காம்பு பொறுக்கினது. இது காம்பும் தூசியுமா... சலிக்கவே இல்ல.”

“சலிக்காத இலையை யாரு குடிப்பாங்க?”

“விளைய வெக்கிறவங்க. அவங்க வீட்டுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சுக்குவாங்க.”

“அப்போ கடைக்காரப் பொண்ணும் இல்ல, ஃப்ளாட்ல இருக்கற பொண்ணும் இல்ல,” என்றார் இசோகாய்.

“எமி காபி மெஷின்ல காசு போட்டுக் காபி குடிச்சதை நானே பாத்தேன்,” என்று தமாகி சோகமாக ஒப்புக்கொண்டாள்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஷூஜி நின்றுகொண்டிருந்தான். வேலைச் சட்டையில் எண்ணெய்க் கறை, கையில் துணி சுற்றிய பாட்டில். “குடை...” என்று ஆரம்பித்தவன், மேசைமேல் இருந்த இலைகளையும் மனைவியையும் பார்த்ததும் பாட்டிலை அங்கே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். திருடி மாட்டிக்கொண்டவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று கசுமிக்குத் தோன்றியது.

“உக்காருங்க,” என்றார் இசோகாய். “நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க.”

அவர் கசுமியின் பக்கம் திரும்பினார்.

“போன வாரம் நான் வெந்நீர் ஊத்தினப்போ கசப்பு முழுக்க இலைலயே இருந்துச்சு. கொதிதண்ணில போட்டிருந்தா அது முதல் தடவையே இறங்கியிருக்கும். ஆக, அது பச்சைத்தண்ணில ஊறின இலை. முறுக்குகூட முழுசாப் பிரியல, அதனால நைட்டெல்லாம் ஊறல. காலைல அந்த பாட்டில் உங்க டீயோட போச்சு. அப்போ இந்தப் புது இலையை எப்போ போட்டிருப்பாங்க?”

“உங்க டீ தீர்ந்தப்புறம். மத்தியானம்,” என்று தமாகி முந்திக்கொண்டாள்.

“மத்தியானம் பச்சைத்தண்ணில போட்டா எப்போ குடிக்கலாம்?”

“சாயந்திரம் ஆகிடும்,” என்றாள் கசுமி.

“சாயந்திரம் அந்த பாட்டில் எங்க இருக்கும்?”

கசுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “எங்க வீட்ல.”

“அவ்வளவுதான். ஒருத்தருக்கு ஆசையா டீ குடுக்க நினைக்கிற பொண்ணு, காலைலயே ஊற வெச்சுத் தன் வீட்டு டம்ளர்ல ஊத்திக் குடுப்பா. அவர் சம்சாரம் கழுவப்போற பாட்டில்ல இலையைப் போட்டு அனுப்ப மாட்டா. இந்த டீ உங்க வீட்டுக்காரருக்குப் போட்டதே இல்ல. உங்களுக்குப் போட்டது.”

“எனக்கா?” கசுமி எழுந்தே விட்டாள். “எனக்கு டீ அனுப்புறாளா? என்ன தைரியம் அவளுக்கு!”

“இருங்க. நீங்க அதைக் குடிச்சீங்களா?”

“பாட்டில் காலியாத்தானே வந்துச்சு?”

“காலியா வரல. காலியாக்கப்பட்டு வந்துச்சு. உங்க வாசல் பூக்கொடி வெள்ளிக்கிழமை காலைல மட்டும் நிமிர்ந்து நிக்குதுன்னு சொன்னீங்களே? வியாழக்கிழமை சாயந்திரம் யாரோ அதுக்கு ஒரு பாட்டில் டீ ஊத்தறாங்க. ஊத்திட்டு உள்ள வந்து தாகத்துல ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கறாரு. ஷூஜி-சான், நீங்க அதுல ஒரு சொட்டுகூடக் குடிக்கல, இல்லையா?”

ஷூஜி தொப்பியைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தான்.

“இனி ரெண்டே விஷயம்தான் பாக்கி. தமாகி, போன வாரம் என் கிண்ணத்துல ஏன் ஊறுகா வெச்சுக் குடுத்தீங்க?”

“பின்ன வெறும் கிண்ணத்தையா நீட்டுவாங்க? எங்கம்மா இருந்தா அடிச்சிருப்பாங்க. வீட்ல ஒண்ணும் இல்லாத நாள்ல ஒரு தீப்பெட்டியையாவது உள்ள போட்டுத்தான்...” தமாகி பாதியில் நிறுத்தினாள். கண்கள் பாட்டிலுக்குப் போயின. “ஓ!”

“ஒரு வீட்டுக்குப் பாட்டில் நிறைய டீ வருது. அதைக் குடிச்சவங்களுக்குப் பாட்டிலை வெறுமையாத் திருப்ப மனசு வரல. கைல இருக்கறது அவங்க தோட்டத்து இலைதான். அதைப் போட்டுத் தண்ணி ஊத்தி அனுப்பறாங்க. இந்தக் காலத்துச் சின்னப் பொண்ணுங்க யாரும் இவ்வளவு பாக்கறதில்ல. இவங்க வயசானவங்க.” அவர் துணியை எடுத்தார். “கடைசியா இது. முகப்பவுடர் விரல்ல ஒட்டும். இது தொட்டதும் நொறுங்கிப்போச்சு. ஊதுவத்திச் சாம்பல். லாவண்டர் வாசனை ஊதுவத்தி இப்போ கோயில் வாசல் கடையிலயே விக்கறாங்க. இந்த பாட்டிலைத் துணியோட ஒரு பூஜை மாடத்துக்கு முன்னாடி வெச்சிருக்காங்க. முதல் டம்ளர் அங்க போனப்புறம்தான் மத்தவங்க குடிச்சிருக்காங்க. கசுமி-சான், அந்த வீட்ல ஒருத்தர் படமா இருக்காங்க.”

கசுமி மெல்ல உட்கார்ந்தாள். அவள் இத்தனை நாள் வரைந்து வைத்திருந்த முகத்தில் இருந்து கன்னக்குழி போனது, கூந்தல் போனது, விரல்கள் போயின. மிஞ்சியது அவள் ஒரு தடவைகூடப் பார்க்க மறுத்த ஒரு படம். அந்தப் படம் எங்கே போனது என்று அவள் கேட்டதே இல்லை.

“மினேகோவோட அம்மா,” என்றான் ஷூஜி. முதல் மனைவியின் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. “நீ படம் வேணாம்னு சொன்னப்போ அங்கதான் கொண்டுபோய்க் குடுத்தேன். அப்புறம் போகவே இல்ல. ஜூன்ல அந்தப் பக்கம் வேலை வந்துச்சு. சும்மா தாண்டிப் போக முடியல. ஊதுவத்தி ஏத்தினேன். படைக்கக் கைல ஒண்ணும் இல்ல, உன் டீதான் இருந்தது. அவங்களும் ஒரு வாய் குடிச்சாங்க. ‘இதைப் போட்டவங்களுக்கு வெறும் பாட்டிலை எப்படி அனுப்புறது’ன்னு...”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“அந்தப் பேரு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னது நீதானே?”

“அதுக்காகக் கொட்டணுமா?”

“வீட்டுக்குள்ள கொண்டுவந்தா யாரு போட்டதுன்னு கேப்ப. நானும் குடிக்க முடியாது. வேற பொம்பளை கையால போட்ட டீ. சத்தியம் பண்ணியிருக்கேனே.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“எழுபது இருக்கும்.”

“எழுபது வயசுப் பொம்பளைக்கா அந்தச் சத்தியம்?”

“வயசு பத்தி நீ ஒண்ணும் சொல்லலையே,” என்றான் ஷூஜி பரிதாபமாக.

தமாகி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

கசுமிக்குச் சிரிப்பு வரவில்லை. வகானாவாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எமியாக இருந்திருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாடத்தில் ஒரு படமாக உட்கார்ந்திருப்பவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவளுக்கு வயதாகாது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பாத்திரம் கழுவவில்லை என்று அவளோடு யாரும் சண்டை போடப்போவதில்லை. வாரம் ஒருமுறை கசுமியின் கையால் போட்ட டீயின் முதல் டம்ளரை, கசுமிக்குத் தெரியாமலே, அவள் குடித்திருக்கிறாள்.

“இன்னொண்ணு,” என்றான் ஷூஜி. “அவங்க உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். வாரா வாரம் சொல்றாங்க. என்னன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க. ‘பாட்டில் போகுதே, ஒரு நாளைக்கு ஆளும் வரும்’னு விட்டுடறாங்க.”

கசுமி இசோகாயைப் பார்த்தாள். “நான் என்ன பண்ணணும்?”

“நான் தொலைஞ்ச பொருளுக்கு உரியவரைக் கண்டுபிடிக்கறதோட சரி,” என்றார் அவர், குடையை மடக்கிக்கொண்டே. “அந்த டீ உங்களோடது. வாங்கிக்கறதும் வேணாங்கறதும் உங்க இஷ்டம்.”

வீட்டுக்கு வந்ததும் கசுமி பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் பாட்டிலை எடுத்தாள். இருப்பதிலேயே நல்ல இலையை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள். தண்ணீரை ஊற்றி ஃபிரிட்ஜ் கதவை மூடிய பிறகும் இரண்டு தடவை திறந்து நிறத்தைப் பார்த்தாள். தோற்கக் கூடாது என்ற நினைப்புதான் அதிலும் இருந்தது.

மறுநாள் சின்ன லாரியில் ஷூஜியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றோரமாக மேலே போனாள். பாட்டில் அவள் மடியில் ஜில்லென்று இருந்தது. கன்னக்குழி வகானாவின் கடையைத் தாண்டும்போது மட்டும் கசுமி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

மினேகோவின் தாய் சுகியாமா அம்மாவின் வீடு சரிவில் இருந்தது. சுற்றிலும் தேயிலைச் செடிகள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த வரிசைகள் மட்டும் கத்தரித்து நேராக நின்றன. அதற்கு மேலே ஆள் உயரத்துக்குக் காடாக வளர்ந்திருந்தன. அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். கசுமியைப் பார்த்தார். பிறகு அவள் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“ஆளும் வந்தாச்சா,” என்றார். “உள்ள வாங்கம்மா. ஷூஜி, நீ போய்ப் பின்னாடி பம்பு ஏன் கத்துதுன்னு பாரு. போன வாரமே சொன்னேன்.”

மாடத்தில் இருந்த படத்தை கசுமி முதலில் பார்க்கவில்லை. லாவண்டர் வாசனைதான் முதலில் வந்தது. பிறகுதான் நிமிர்ந்தாள். படத்தில் ஒரு சாதாரணப் பெண், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

“அவளுக்கு ஊதுவத்தி வாசனையே ஆகாது. கோயில் மாதிரி இருக்கும்மான்னு மூக்கைப் பொத்திக்குவா. அதான் தேடிப் பிடிச்சு இதை வாங்கினேன்,” என்றார் அந்த அம்மாள்.

கசுமி பாட்டிலைத் திறந்தாள். அங்கே இருந்த சின்னக் கோப்பையில் முதல் டீயைத் தானே ஊற்றினாள். கைகூப்பியபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘இன்னிக்கு இலை அதிகம்’ என்று மட்டும் மனதுக்குள் சொன்னாள்.

அடுத்த டம்ளர் சுகியாமா அம்மாவுக்கு. அவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடித் திறந்தார். “இன்னிக்கு இலை கொஞ்சம் தூக்கல்.”

“உங்களை ஜெயிக்கணும்னு போட்டேன்,” என்றாள் கசுமி. வாய் தவறி வந்த உண்மை அது.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்ததைக் கசுமி கேட்டுவிட்டாள். “அவங்க டீ... நல்லா இருக்குமா?”

“யாரு, மினேகோவா? அவளுக்கு எங்கம்மா பொறுமை? நைட்டே போட்டு வெக்கணும்னா மறந்துடுவா. காலைல கொதிக்கக் கொதிக்க ஊத்தி, ஐஸை அள்ளிப் போடுவா. டீ பழுத்த இலை நிறத்துல இருக்கும். கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு கசப்பு. ஷூஜி அதை ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சிட்டுப் போவான்.”

முன்னால் குடித்ததைவிடத் தன் டீ நல்லது. பதில் கிடைத்துவிட்டது. கசுமிக்குத் தோள்கள் தளர்ந்தன. அடுத்த கணமே, அந்தக் கசப்பை அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தான் என்பது போய்க் குத்தியது. இதற்குக்கூடவா பொறாமை என்று தன்னையே பார்த்துச் சிரிக்கத் தோன்றியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

சுகியாமா அம்மா அதைப் பார்க்காததுபோல எழுந்தார். காலியான பாட்டிலை எடுத்துப்போய் அலசினார். தகர டப்பாவைத் திறந்து, காம்பும் தூசியுமாக ஒரு பிடி இலையை உள்ளே போட்டார். மண்கூஜாவில் இருந்து குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினார். நீளமான இலைகள் மேலே எழும்பி, ஒவ்வொன்றாக இறங்கின. பின்புறத்தில் ஷூஜி எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

“இலையுதிர்காலத்துல நான் நகோயாவுக்குப் போறேன், மகன் வீட்டுக்கு,” என்றார், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே. “என் முழங்கால் இந்த மேட்டுக்கு இனி ஆகாது. அவன் ஃப்ளாட்ல எனக்கே ஒரு மூலைதான். மாடம் வெக்க இடம் இல்லம்மான்னு நேராவே சொல்லிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது.”

தண்ணீரில் பச்சை இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த அம்மாள் மூடியைத் திருகினார். துணியைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி கசுமியிடம் நீட்டினார், ஆனால் விடவில்லை. இருவர் கைகளும் அந்தக் குளிர்ந்த பாட்டிலின் மேல் இருந்தன.

“வெறும் படம்தான், கைக்கு அடக்கமா இருக்கும். உங்க வீட்டு அலமாரில ஒரு ஓரம் போதும். நீங்க டீ போடற அன்னிக்கு... முதல் டம்ளர்னு கேக்கல, அது உங்க வீட்டுக்காரருக்கு... அடுத்ததுல ஒரு வாய், என் பொண்ணுக்கும் ஊத்துவீங்களா?”